சீனக்குடாவில் இறங்க எந்தக் கேஷ்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் என்ற, விமானம் ஓட்டுகிற கணினி விளையாட்டைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். திருகோணமலை மாவட்டத்தில் இத்தனை பேர் வீட்டுக்குள் இருந்தபடியே விமானம் ஓட்டுகிறீர்கள் என்று அப்போது தெரியாது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: ரோலிங் கேஷா, மெனுவல் கேஷா? ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதுதான். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதும் சொல்லாத இடங்களில் நான் பேசுவது 2020இல் வந்த பதிப்பைப் பற்றி.

கேள்வி: அண்ணா, டேட்டா என்ற பக்கத்துக்குள் போனால் ரோலிங் கேஷ் ஒன்று, மெனுவல் கேஷ் ஒன்று என்று இரண்டு கிடக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை வைத்திருப்பது? இரண்டையும் போட்டால் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காதா? – உப்புவெளி வாசகர்

பதில்: சண்டை பிடிக்காது. இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இன்ஸ்டோல் செய்த நூற்றுச் சொச்சம் ஜிபிக்குள் உப்புவெளி இல்லை. விமானங்கள், விமான நிலையங்கள், மேகம் வரைகிற வித்தை, பொதுவான மரம் கட்டடங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆனால் சீனக்குடாவில் எழும்பிக் கீழே பார்க்கும்போது தெரிகிற நிலம், அந்தச் செய்மதிப் படம், பிங் வரைபடத்திலிருந்து எடுக்கப்பட்டு மைக்ரோசொஃப்டின் சேர்வரில் கிடக்கிறது. நீங்கள் பறக்கப் பறக்க துண்டு துண்டாக இணையம் வழியே உங்கள் கணினிக்கு வருகிறது. இன்றைக்கு வந்த துண்டை நாளைக்கும் போய்க் கேட்காமல் டிஸ்க்கில் வைத்துக்கொள்வதுதான் கேஷ்.

ரோலிங் கேஷ் தானாக நடக்கும். நீங்கள் பறந்த இடத்தின் படமெல்லாம் அதற்குள் போய்ச் சேரும். அதற்கு ஓர் அளவு உண்டு, ஆரம்பத்தில் 8 ஜிபி. நிறைந்ததும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். அது போகட்டும், இது இருக்கட்டும் என்று நீங்கள் சொல்ல வழியில்லை. மெனுவல் கேஷ் அப்படியல்ல. வரைபடத்தில் நீங்களே இடத்தைக் குறித்து, தரம் குறைவா நடுத்தரமா உயர்வா என்று தெரிவுசெய்து, பறப்பதற்கு முன்னமே இறக்கி வைக்கிறீர்கள். நீங்களாக அழிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். மாரிக்கு முன்னம் நெல்லைக் கட்டி வைப்பது போல.

எதை வைத்திருப்பது என்று கேட்டீர்கள். என் அபிப்பிராயம்: ரோலிங்கை எப்போதும் ஆன் செய்து வையுங்கள், மெனுவலைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பறக்கிறீர்களா? உங்கள் இணைய லைன் பலவீனமா, இல்லை அளந்து தருகிற லைனா? இரண்டுக்கும் ஆம் என்றால் மெனுவல் உங்களுக்காகவே செய்யப்பட்டது. ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. இரண்டுக்கும் இல்லை என்றால், அதாவது பைபர் லைன் இருக்கிறது, இன்றைக்கு அல்ப்ஸ் நாளைக்கு டோக்கியோ என்று திரிகிறவர் நீங்கள் என்றால், அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பறக்கப் போங்கள்.

இந்த 8 ஜிபி எவ்வளவு காலம் தாங்கும் என்றும் ஒரு கணக்குப் பார்க்கலாம். இந்தப் பதிப்புக்கு மைக்ரோசொஃப்ட் சிபாரிசு செய்த வேகம் செக்கனுக்கு 20 மெகாபிட். அந்த வேகத்தில் லைன் முழுவதையும் சிமுலேட்டரே இழுத்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் 8 ஜிபி நிறைந்துவிடும். நடைமுறையில் அப்படித் தொடர்ந்து இழுக்காது, விட்டு விட்டுத்தான் இழுக்கும். இருந்தாலும் லண்டன், நியூயோர்க் மாதிரிக் கட்டடம் ஒவ்வொன்றும் முப்பரிமாணத்தில் நிற்கிற நகரங்களின் மேல் தாழப் பறந்தால் மளமளவென்று நிறையும். சனிக்கிழமை சீனக்குடாவைச் சுற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தீர்கள் என்றால், திங்கட்கிழமை உப்புவெளி கேஷில் இருக்கும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை. ‘ரோலிங் கேஷ் போட்டும் திரும்ப இறக்குகிறதே’ என்று இன்னும் சிலர் கேட்டிருந்தீர்கள். காரணம் இதுதான். டிஸ்க்கில் இடம் இருந்தால் 8ஐ 30, 40 ஆக்குங்கள், அது போதும்.

கேள்வி: சேர், எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர். பகல் டேட்டா கொஞ்சம், நடுநிசிக்குப் பிறகு நிறைய. நான் செஸ்னா கேரவனில் கட்டுநாயக்காவிலிருந்து சீனக்குடாவுக்கு வருவதுதான் வழக்கம், சில நாள் சும்மா துறைமுகத்தைச் சுற்றுவேன். வழி முழுவதையும் மெனுவலில் இறக்கி வைக்கலாமா? – கிண்ணியா வாசகர்

பதில்: வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இது, நிஜமாகவே உள்ளூர் விமான சேவை கேரவனில் இங்கே வருவதால் இன்னும் பிடிக்கிறது.

வழி முழுவதும் வேண்டாம். கட்டுநாயக்காவுக்கும் சீனக்குடாவுக்கும் நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர், நடுவில் தம்புள்ளைப் பக்கம் வரும். அந்த நடுப் பகுதியில் நீங்கள் எட்டாயிரம், பத்தாயிரம் அடியில் இருப்பீர்கள். அந்த உயரத்திலிருந்து பார்க்கும்போது சிமுலேட்டர் மிக நுணுக்கமான படத்தைக் கேட்பதே இல்லை, தூரத்துக்கு ஏற்ற மங்கலான துண்டுகளையே எடுத்துக்கொள்ளும். அதை உயர்ந்த தரத்தில் இறக்கி வைத்தால் இடமும் வீண், டேட்டாவும் வீண். இரண்டு முனையையும் மட்டும் மெனுவலில் எடுங்கள், நடுவை ரோலிங்கிடம் விடுங்கள். ஒரே வழியில் போய்வருகிறவருக்கு ரோலிங்கும் நன்றாகவே வேலை செய்யும்.

தரத்தை ஒரு படி கூட்டினால் எவ்வளவு ஏறும் என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. பிங் வரைபடம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு படி கிட்டப் போகும்போதும் ஒரு சதுரம் நாலாகப் பிரியும். திருகோணமலை நகரத்தைச் சுற்றி 20க்கு 20 கிலோமீட்டர் எடுத்தால், பிக்செலுக்குச் சுமார் ஒரு மீட்டர் வருகிற 17ஆம் படியில் நாலாயிரத்துச் சொச்சம் சதுரம். அடுத்த படியில் பதினேழாயிரத்துக்கு மேல். அதனால்தான் ‘இலங்கை முழுவதையும் ஹையில் போட்டுப் பார்ப்போம்’ என்கிற ஆசை பாதியில் நின்றுவிடுகிறது.

இனி இடத்தைக் குறிக்கிற விதம். முதலில் வரைபடத்தை நன்றாகக் கிட்டக் கொண்டு வாருங்கள், தூரத்தில் இருந்தபடி தட்டினால் பெரிய பெரிய கட்டமாக விழும். சீனக்குடா ஓடுபாதை 06/24, அதாவது 06 வடகிழக்கைப் பார்த்த பக்கம், 24 தென்மேற்கைப் பார்த்த பக்கம். 06இல் எழும்பினால் நேர் எதிரே உள்துறைமுகம், அதைத் தாண்டினால் நகரம், அதன் முனையில் கோட்டையும் சுவாமி மலையும், எல்லாம் எட்டு ஒன்பது கிலோமீட்டருக்குள். இவ்வளவும் உயர்ந்த தரத்தில் வேண்டும், ஏனென்றால் இங்கேதான் தாழப் பறப்பீர்கள். வடக்கே கரையோரமாக நிலாவெளி, புறாமலை வரைக்கும் ஒரு ஒடுக்கமான பட்டை. தெற்கே கிண்ணியாப் பாலம், கொட்டியாரக்குடாவின் கரை, மூதூர், மகாவலி கடலில் விழுகிற இடம். மேற்கே தம்பலகாமத்து வயல்வெளி, 24ஆம் பக்கமாக எழும்பினால் அதற்கு மேலேதான் போவீர்கள், அதற்கு நடுத்தரம் தாராளம். கந்தளாய்க் குளத்தையும் சேர்க்கலாம், மாலை வெயிலில் அழகாக இருக்கும், ஆனால் அதற்கும் நடுத்தரமே போதும்.

கடலைக் குறிக்காதீர்கள். நம்முடைய ஊரில் பெரிய சதுரமாக ஒன்று போட்டால் கிட்டத்தட்ட பாதி கடல்தான் வரும். ஆழ்கடலின் தண்ணீரைச் சிமுலேட்டர் தானாகவே வரைகிறது, அலையும் காற்றுக்கு ஏற்ப அதுவே. கிழக்கே புறாமலையைத் தாண்டிய கட்டங்களை எடுத்துவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, நடுநிசிக்குப் பிறகு தொடங்கிவிட்டுப் படுங்கள். இறக்குவது சிமுலேட்டருக்குள்ளேயே நடக்கிற வேலை என்பதால் அதை மூடக்கூடாது, கணினி தூங்கிப்போகாதபடி விண்டோஸ் அமைப்பில் ஸ்லீப்பையும் நிறுத்தி வையுங்கள். இதை மறந்துவிட்டு, காலையில் எழும்பிப் பார்த்தால் கால்வாசிதான் இறங்கியிருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கேள்வி: நான் ஏ.எல். படிக்கிறேன். டேட்டா முடிந்துபோகிறது என்று அப்பா ஒவ்வொரு நாளும் ஏசுகிறார். ஒரு மணித்தியாலம் பறந்தால் எவ்வளவு போகும்? – திருகோணமலை நகர வாசகர்

பதில்: தம்பி, இடத்தையும் உயரத்தையும் பொறுத்தது, ஒரே எண்ணாகச் சொன்னால் அது பொய். உச்சவரம்பை மட்டும் கணக்குப் பார்க்கலாம். லைன் 20 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 9 ஜிபிக்கு மேல் போகவே முடியாது, 5 மெகாபிட் என்றால் இரண்டே கால். நம் பகுதியில் பறந்தால் அதில் ஒரு பங்குதான் போகும், ஏனென்றால் இங்கே இறங்குவது பெரும்பாலும் தட்டையான நிலப்படம். ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் முப்பரிமாணக் கட்டடங்கள்தான் டேட்டாவை விழுங்குபவை. அப்பா கணக்குக் கேட்கும் நாட்களில் அந்தக் கட்டடங்களைக் கொண்டுவருகிற போட்டோகிராமெட்ரி என்ற தெரிவை மட்டும் ஆஃப் செய்துவிடுங்கள், திருகோணமலையில் ஒரு குறையும் தெரியாது. டேட்டா பாவனைக்கு எல்லை போடவும் அதே டேட்டா பக்கத்தில் இடம் இருக்கிறது, அப்பாவைப் பக்கத்தில் இருத்தி அவர் கையாலேயே போட வைத்தால் ஏச்சு பாதியாகக் குறையலாம். பரீட்சை கிட்டத்தில் என்றால் நான் அப்பா பக்கம்.

கேள்வி: கேஷ் ஃபைலை எங்கே வைப்பது? என்னிடம் சி டிரைவில் இடமில்லாத சின்ன எஸ்எஸ்டியும், பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும், ஒரு யூஎஸ்பி வெளி டிஸ்க்கும் இருக்கின்றன. – நிலாவெளி வாசகர்

பதில்: எஸ்எஸ்டியில். அதில் இடமில்லை என்றால் இடம் உண்டாக்குங்கள், கலியாண வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் ஆயிற்று.

ரோலிங் கேஷ் என்பது ரோலிங்கேஷ் டொட் சிசிசி என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல். 8 ஜிபி என்று சொன்னீர்களா, முதல் நாளே 8 ஜிபியைப் பிடித்துக்கொண்டு உட்காரும். பிறகு நீங்கள் பறக்கிற நேரமெல்லாம் அதற்குள் ஓர் இடத்தில் வாசிப்பதும் இன்னோர் இடத்தில் எழுதுவதுமாகவே இருக்கும். சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஊசி இதற்கு ஈடுகொடுக்க முடியாமல் அங்குமிங்கும் ஓடும், அதே டிஸ்க்கில் சிமுலேட்டரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நல்ல பைபர் லைன் வைத்துக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கில் கேஷ் போட்டிருப்பவர் ஒருவேளை கேஷே இல்லாமல் பறந்தால் இன்னும் வழுவழுப்பாகப் போகும். ‘ரோலிங் கேஷை நிறுத்து, விக்கல் போய்விடும்’ என்று ஆட்கள் சொல்லித் திரிவது இந்த மாதிரிக் கணினிகளுக்குப் பொருந்தும், எல்லாருக்கும் அல்ல.

யூஎஸ்பி வெளி டிஸ்க்கில் வைக்காதீர்கள். ஃபோன் சார்ஜ் போட யாராவது அந்த வயரைக் கழற்றினால் பறப்பு நடுவானத்தில் நிற்கும். பென் டிரைவில் வைக்கலாமா என்று கேட்ட இன்னொருவருக்கும் இதே பதில்.

மெனுவலில் அவ்வளவு எழுதுகிற வேலை இல்லை, இறக்கின பிறகு வாசிப்பு மட்டுமே. எஸ்எஸ்டியில் இரண்டுக்கும் இடம் போதாவிட்டால், எஸ்எஸ்டியை ரோலிங்குக்குக் கொடுத்துவிட்டு மெனுவலை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கோணேசர் கோயிலை எத்தனை தரம் சுற்றினாலும் கோபுரம் தெரியவில்லை, ஏதோ வீடு மாதிரிக் கட்டடங்கள் நிற்கின்றன. கேஷ் பழசாகிவிட்டதா? மெனுவலில் ஹை போட்டால் வருமா? – மட்டக்களப்பு வாசகர்

பதில்: வராது. மன்னிக்கவும், கேஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சேர்வரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கேஷ் வைத்திருக்கும், இல்லாததை உண்டாக்காது. சிமுலேட்டரில் கட்டடங்கள் வருகிற வழி முக்கியமாக மூன்று. பெரிய நகரங்கள் சிலவற்றில் ஆகாயத்திலிருந்து பல கோணத்தில் எடுத்த படங்களைக் கோத்து உண்டாக்கிய உண்மையான முப்பரிமாண உருவம், அதுதான் போட்டோகிராமெட்ரி. சில புகழ்பெற்ற இடங்களும் விமான நிலையங்களும் கையால் செய்தவை. மீதி உலகம் முழுவதும் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்திலுள்ள பிளாக்ஷார்க் என்ற நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு செய்த வேலை: செய்மதிப் படத்தில் கூரையைக் கண்டுபிடித்து, இது எத்தனை மாடி, எந்த மாதிரிக் கட்டடம் என்று ஊகித்து, பொருத்தமான ஒன்றை அந்த இடத்தில் நிறுத்திவிடும். உலகம் முழுவதும் இப்படி நிறுத்தியது நூற்றைம்பது கோடிக் கட்டடம். அதற்குக் கூரை தெரியும், கோபுரம் தெரியாது. நம் ஊர் இந்த மூன்றாம் வகை. ஆகவே கோணேசர் கோயிலும் அதற்குக் கடல் ஓரத்துப் பாறையில் நிற்கிற ஒரு கட்டடம், அவ்வளவே.

சுவாமி மலையின் பாறை உருவமாவது இருக்கிறதே என்று சந்தோஷப்படுங்கள், அது நில உயரத் தரவிலிருந்து வருகிறது, செங்குத்தான இடங்களில் கொஞ்சம் வழுகி உருண்டு போயிருக்கும். கோபுரம் வேண்டுமென்றால் யாராவது முப்பரிமாண மாதிரி செய்து கொமியூனிட்டி என்ற ஃபோல்டருக்குள் போடத்தக்க விதமாகத் தரவேண்டும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் தெரிந்த இளைஞர்கள் இங்கே இல்லாமலா போய்விட்டார்கள்? செய்து முடித்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள், ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். அந்த ஃபோல்டரில் போடுவது எதுவும் கேஷில் கணக்கில்லை என்பதால், கேஷை அழித்தாலும் கோபுரம் அழியாது.

கேள்வி: ஒரேயடியாக உலகம் முழுவதையும் இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டால் என்ன? – மூதூர் வாசகர்

பதில்: உலகத்தின் தரவு 2 பெட்டாபைட்டுக்கு மேல். அதாவது 20 லட்சம் ஜிபி, 1 டிபி டிஸ்க்கில் ஒரு இரண்டாயிரம் வேண்டும். 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் என்ற பழைய பதிப்பு இரண்டு டிவிடிக்குள் முழு உலகத்தையும் அடக்கியது, திருகோணமலை அதில் பச்சையும் பழுப்புமாக ஒரு கரை. 2020 பதிப்பையும் ஐரோப்பாவில் 10 டிவிடியாகப் பெட்டியில் விற்றார்கள், ஆனால் அதிலும் இந்தச் செய்மதிப் படம் இல்லை. உங்கள் மூதூரை மட்டும் இறக்கி வையுங்கள்.

கேள்வி: கரண்ட் போய்க் கணினி பட்டென்று நின்ற பிறகு, சல்லிக் கோயிலடியில் நிலம் எல்லாம் மங்கலாகி ஒரு மூலையில் ஊசி மாதிரி மேலே கிளம்பி நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம். திரும்ப இன்ஸ்டோல் செய்யவா? – சாம்பல்தீவு வாசகர்

பதில்: ஐயையோ, வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே இடம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவே நல்ல துப்பு. லைன் பிரச்சினை என்றால் இன்றைக்கு இங்கே மங்கும், நாளைக்கு வேறெங்கோ மங்கும். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற பழுது டிஸ்க்கில் பதிந்துபோன பழுதாக இருக்கவே வாய்ப்பு அதிகம், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது அல்லவா.

ரோலிங் கேஷை ஆஃப் செய்துவிட்டு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஊசி போய்விட்டதா? அப்படியென்றால் டேட்டா பக்கத்தில் ரோலிங் கேஷ் ஃபைலை அழிக்கிற பொத்தான் இருக்கிறது, அழுத்துங்கள், திரும்ப ஆன் செய்யுங்கள், புதிதாக ஒன்று உண்டாகும். நட்டம் ஒன்றுமில்லை, பறக்கப் பறக்கத் தானாக நிறையும். ஆஃப் செய்தும் ஊசி நிற்கிறதென்றால் அந்த இடம் மெனுவலில் இருக்கிறதா என்று பார்த்து அதை அழித்துத் திரும்ப இறக்குங்கள். இரண்டுமில்லை என்றால் சேர்வரிலுள்ள தரவே பிழை, அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இதே வைத்தியம் இன்னொரு நேரத்துக்கும் பொருந்தும். 2020 செப்டெம்பரில் ஜப்பானில் தொடங்கி நாடு நாடாகப் படங்களைப் புதுப்பிக்கிற வேர்ல்ட் அப்டேட் விட்டுக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒன்று வந்த நாடு உங்கள் கேஷில் ஏற்கெனவே கிடந்தால், புதிய படத்துக்குப் பதில் பழையதே தெரியக்கூடும். ரோலிங்கை அழித்தால் தீர்ந்தது. மெனுவலில் இருப்பதை அழித்துத் திரும்ப முழுவதும் இறக்க வேண்டும், அதனால்தான் ஊர் உலகமெல்லாம் மெனுவலில் சேர்த்து வைக்காதீர்கள் என்கிறேன், சேர்த்தவர்கள் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். பிறகு, ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

கேள்வி: 2024 பதிப்புக்கு மாறலாமா? அதில் இந்தக் கேஷ் தொல்லை இல்லை என்று நண்பன் சொல்கிறான். – உவர்மலை வாசகர்

பதில்: நண்பன் சொன்னதில் பாதி சரி. 2024 நவம்பர் 19இல் வந்த பதிப்பு டிஸ்க்கில் மிகக் குறைவான இடமே கேட்கிறது, 2020க்கு 150 ஜிபி, இதற்கு 50. எப்படி முடிந்தது? முன்னர் கணினியிலேயே இருந்த விமானங்கள், விமான நிலையங்கள் போன்றவற்றையும் சேர்வரில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது அனுப்புகிறார்கள். டிஸ்க்கில் குறைந்த பாரம் லைனில் ஏறியிருக்கிறது. குறைந்தபட்ச வேகமே 5இலிருந்து 10 மெகாபிட்டாகக் கூடியது, சிபாரிசு செய்வது 20இலிருந்து 50. வெளியான அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் சேர்வர் வாசலில் போய் நின்றதில், மணிக்கணக்காக உள்ளே போகவே முடியாமல் காத்திருந்தவர்கள் உலகம் முழுவதும் இருந்தார்கள்.

பைபர் லைன் உள்ளவர் தாராளமாக மாறலாம், நிலமும் வெளிச்சமும் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன. கிண்ணியா வாசகர் போல 4ஜியில், இரவு டேட்டாவில் சமாளிக்கிறவர் என்றால் அவசரப்படாதீர்கள். வெளிவந்த நேரத்தில் 2024இல் 2020 போல வரைபடத்தில் குறித்து இறக்குகிற மெனுவல் கேஷ் இருக்கவில்லை, ரோலிங்கை நம்பியே பறக்க வேண்டியிருந்தது. நம் மாவட்டத்தில் ஒதுக்குப்புறமாக இருக்கிற வீட்டுக்கு அது பெரிய இழப்பு. 2020 இன்னும் நன்றாகப் பறக்கிறது, வைத்திருங்கள்.

கேள்வி: கேஷ் கூட்டினால் எஃப்பிஎஸ் கூடுமா? – சீனக்குடா வாசகர்

பதில்: எஃப்பிஎஸ், அதாவது செக்கனுக்கு எத்தனை படம் திரையில் வரையப்படுகிறது என்ற கணக்கு, அதனால் கூடாது. படத்தை வரைகிற பாரம் கிராபிக்ஸ் கார்டுக்கும் சிபியூவுக்கும், கேஷ் செய்வது படம் நேரத்துக்கு வந்துசேர உதவுவது மட்டும். நிலம் மங்கலாகவே கிடந்து மெல்லத் தெளிகிறது என்றால் கேஷையும் லைனையும் பாருங்கள். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் விக்கி விக்கிப் போகிறது என்றால் நிலம் எவ்வளவு தூரத்துக்கு நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்று சொல்கிற டெரெயின் லெவல் ஒஃப் டீடெயிலை 200இலிருந்து 100க்கு இறக்குங்கள். அது குறைந்தால் கேட்கிற நிலத் துண்டுகளும் குறையும், டேட்டாவும் மிஞ்சும்.